கடைசி வாய்க்கு எடுத்து வைத்தது

போன செமஸ்டரில் ஒரு நாள். விரிவுரை தொடங்கிப் பத்து நிமிசம்கூட ஆகியிருக்காது. வாசித்துவரச் சொன்ன கட்டுரையை முழுசாக வாசித்தவர்கள் கையைத் தூக்குங்கோ எண்டார் விரிவுரையாளர். முப்பத்தெட்டுப் பக்கக் கட்டுரை. தூக்கினது நாலு கை. அந்த நாலில் என்னுடையது இல்லை. (இருபத்திரண்டாம் பக்கத்தில் நித்திரையாகிப் போனேன்.) மனுசன் கோபப்படேல்லை. கண்ணாடியைக் கழட்டித் துடைத்தபடி, "உங்கட ஆக்கள் எல்லாம் ரிட்பிட்ஸ் தலைமுறை" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் பாடத்துக்குப் போய்விட்டார்.

ஏசியிருந்தால் மறந்திருப்பேன். அந்தச் சொல் மட்டும் பல்லிடுக்கில் மாட்டின கடலைத்தோல் மாதிரி நிண்டுவிட்டது. துணுக்கு எண்டு பொருள் தெரியும். சின்னச் சின்னத் தகவல், கொறிக்கிற செய்தி, பெரிசாக மதிக்கத் தேவையில்லாதது. ஆனால் ஒரு வசவுச் சொல்லாக அது எப்ப மாறினது? அண்டைக்குப் பின்னேரமே நூலகத்தில் இருந்த பெரிய ஆங்கில அகராதியை எடுத்துப் பார்த்தேன். வந்த கோபத்தில் தேடத் தொடங்கினது, கடைசியில் 1881ஆம் ஆண்டு மான்செஸ்டரில் கொண்டுபோய் விட்டது. முப்பத்தெட்டுப் பக்கத்தை விடக் கூட வாசித்துவிட்டேன் எண்டது பிறகுதான் விளங்கினது.

முதலில் சொல்.

இங்கிலாந்தின் மேற்குப் பக்கம் குளொஸ்ரர்ஷயர் எண்டொரு மாவட்டம். அங்கே பேர்க்லி பிரபு குடும்பத்தின் காணி பூமிகளைப் பார்த்துவந்த காரியக்காரர் ஒருவர், ஜோன் ஸ்மித் எண்டு பெயர். கணக்குப் பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில் அந்தப் பகுதியின் வரலாற்றை எழுதினார். ஊர்ச்சனம் பேசுகிற சொற்களையும் பழமொழிகளையும்கூட விடாமல் குறித்து வைத்தார். 1640ஐ ஒட்டிய காலம். 1641இல் ஆள் இறந்துபோக, அந்தக் கையெழுத்துப்படி 1880களில்தான் அச்சுக்கு வந்தது. அந்த ஊர்ச்சொற்களுக்குள் இதுவும் ஒன்று. அவர் கொடுக்கும் பொருள் என்ன தெரியுமா? கடைசியாகச் சாப்பிடுவதற்கென்று ஒதுக்கி வைத்த விசேஷமான ஒரு துண்டு.

இதை வாசித்தபோது நூலகத்தில் தனியே இருந்து சிரித்தேன். மீன் பொரியலோடு சோறு சாப்பிடுகிற எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். நல்ல முறுகலாகப் பொரிந்த அந்த ஓரத்துண்டைக் கோப்பையின் கரையில் தள்ளி வைத்துவிட்டு, சோறு முழுக்க முடிந்தபிறகு கடைசி வாய்க்கு அதைப் போடுவது. இடையில் அண்ணாவோ தங்கச்சியோ எடுத்துப்போட்டால் வீட்டில் யுத்தம். ஆக, எங்களுக்குக் கிடைக்கிற முதல் பதிவில் இந்தச் சொல்லுக்குச் சின்னது, அற்பமானது எண்ட பொருளே இல்லை. எல்லாவற்றிலும் நல்லது, அதனால் காத்து வைத்தது எண்டதுதான் பொருள்.

நூறு வருசம் கழித்து, 1755இல் சாமுவேல் ஜோன்சன் தன்ர அகராதியில் இதைச் சேர்த்தபோதும் மரியாதை குறையவில்லை. நல்ல துண்டு, நல்ல உணவு என்றுதான் எழுதினார். சொல்லின் முன்பாதிக்கு மென்மையான, மிருதுவான எண்டு விளக்கமும் கொடுத்தார். அந்த முன்பாதி எங்கிருந்து வந்தது எண்டதில் இரண்டு பாதை. ஒன்று ஜோன்சன் சொன்ன இந்தக் கிராமிய அடைமொழி. மற்றது, சின்னஞ்சிறியது எண்டு பொருள்படும் இன்னொரு பழைய சொல். ஆங்கிலத்தில் ரிட்மௌஸ் எண்டொரு குட்டிக் குருவி இருக்கிறது. அதன் பெயரில் முதலில் நிற்பது அந்தச் சொல்தான். (மௌஸ் எண்டாலும் அதற்கும் எலிக்கும் சம்பந்தமில்லை. பழைய ஆங்கிலத்தில் அந்தக் குருவிக்கே 'மாஸ' எண்டு பெயர். காலப்போக்கில் சனம் அதை எலியாக்கிவிட்டது.) இரண்டு பாதையும் ஒரு கட்டத்தில் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன.

இன்றைக்கு பிரித்தானியர் அந்த முன்பாதியை 'ரீ' எழுத்தில் முடிக்கிறார்கள். அமெரிக்கர் 'டீ' எழுத்தில் முடிக்கிறார்கள். அமெரிக்கர் வெட்கப்பட்டு மாற்றினார்கள், ரீ எழுத்தில் முடித்தால் கொச்சையான ஒரு சொல்லின் சாயல் வருகிறது எண்டு ஒரு கதை உலாவுகிறது. சுவாரசியமான கதைதான். ஆனால் குளொஸ்ரர்ஷயர் காரியக்காரர் 1640களிலேயே டீ எழுத்தில்தான் எழுதியிருக்கிறார். அமெரிக்கா எண்டொரு நாடே அப்போது இல்லை. எங்கட எழுத்தில் இந்தச் சண்டைக்கே இடமில்லை, இரண்டையும் ரிட்பிட் என்றுதான் எழுதவேண்டி இருக்கிறது. ஒரு விதத்தில் நிம்மதி.

பின்பாதி இன்னும் நல்லது. பிட் எண்டால் கடித்து எடுத்தது. கடித்தல் எண்ட வினையின் பிள்ளைதான் அது. ஆங்கிலத்தில் சின்ன உணவுத்துண்டைக் குறிக்கிற சொற்களைப் பிரித்துப் பார்த்தால் பலவற்றுக்குள்ளும் பல் இருக்கிறது. மோர்சல் எண்டது இலத்தீனில் கடித்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஸ்நாக் எண்டதும் முதலில் நாய் வெடுக்கெண்டு கவ்வுவதைக் குறித்த சொல். பச்சாத்தாபத்துக்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'ரிமோர்ஸ்' கூட அதே இலத்தீன் குடும்பம்: திரும்பத் திரும்பக் கடிக்கிறது. வாசிக்காமல் வகுப்புக்குப் போனவனுக்கு அது நல்லாகவே விளங்கும்.

நாங்கள் மட்டும் என்ன? "தேத்தண்ணியோட கடிக்க ஏதும் இருக்கோ?" எண்டுதானே கேட்கிறோம். பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற ரோல்ஸ், பற்றிஸ், கட்லட் எல்லாவற்றுக்கும் இலங்கை முழுக்க 'சோட் ஈட்ஸ்' எண்டு பெயர். இலங்கையரின் ஆங்கிலம் உண்டாக்கின சொல் அது. கட்டையாகச் சாப்பிடுவது எண்ட அந்தப் பெயரைக் கேட்டு யாரும் ரோல்ஸை மட்டமாக நினைத்ததாக நான் அறியேன்.

சரி, கோப்பையில் இருந்த சொல் காகிதத்துக்கு எப்படி ஏறினது? இங்கேதான் மான்செஸ்டர் வருகிறது.

ஜோர்ஜ் நியூன்ஸ். 1851இல் டேர்பிஷயரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். பத்திரிகைக்காரன் இல்லை, எழுத்தாளன் இல்லை, பல்கலைக்கழகம் போனவரும் இல்லை. அலங்காரச் சாமான் விற்கிற விற்பனைப் பிரதிநிதி. ஊர் ஊராகப் போய் கடைக்காரரிடம் ஓடர் எடுக்கிற வேலை. அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்லுகிற கதை இது: ஒரு நாள் பின்னேரம் வீட்டில் இருந்து மாலைப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். கட்டுப்பாடு இழந்து ஓடின ஒரு ரயிலைப் பற்றின செய்தி. அதை மனைவிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். இதுதான் உண்மையான ரிட்பிட், பத்திரிகை முழுக்க இப்படியே இருந்தால் எப்படி இருக்கும் எண்ட யோசனை அப்பவே வந்தது.

யோசனை வந்தது, காசு வரவில்லை. கேட்ட இடத்தில் எல்லாம் கையை விரித்தார்கள். ஆள் என்ன செய்தார் எண்டால், மான்செஸ்டரில் ஒரு மரக்கறி உணவகம் திறந்தார். அதில் வந்த காசில் பத்திரிகை தொடங்கினார். உணவைக் குறித்த ஒரு சொல் அச்சுக்குப் போன வழியில் ஒரு சாப்பாட்டுக்கடையே நிற்கிறது எண்டதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.

1881 ஒக்ரோபர் 22. 'ரிட்-பிட்ஸ்' முதல் இதழ். பதினாறு பக்கம், விலை ஒரு பென்னி. உலகத்தில் இருக்கிற சுவாரசியமான புத்தகங்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் எல்லாவற்றிலும் இருந்து எடுத்த துணுக்குகள் எண்டு பெயரின் மிச்சப்பாதி நீண்டு போகும். மான்செஸ்டரில் மட்டும் இரண்டு மணித்தியாலத்தில் 5000 பிரதி விற்றது. 1884இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. நூற்றாண்டு முடிகிறபோது வாராவாரம் 4 இலட்சத்துக்கும் 6 இலட்சத்துக்கும் இடையில் விற்பனை.

உள்ளே என்ன இருந்தது? பெரிய மனிதர்களைப் பற்றின குட்டிக்கதை, பகிடி, விசித்திரமான வழக்கு, எந்த மீன் எவ்வளவு முட்டை இடும் மாதிரியான தகவல், வாசகர் கேள்விக்குப் பதில், சின்னக் கதை. ஒரு விஷயம் ஒரு பந்தி, கூடிப்போனால் அரைப் பத்தி. தொடக்கத்தில் பெரும்பகுதி கத்தரிக்கோலும் பசையும்தான். மற்றவர் எழுதினதை வெட்டி எடுத்து ஒட்டுவது. இப்ப ஒருவர் எழுதின பதிவை இன்னொரு பக்கம் பெயரில்லாமல் எடுத்துப்போட்டால் நாங்கள் எவ்வளவு கத்துகிறோம்! நியூன்ஸ் அதை ஒரு தொழிலாகவே செய்தார். பிறகு வாசகரிடமே எழுத்துக் கேட்டு, நல்லதுக்குப் பத்திக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், கொடுத்தார். அந்த நாளில் அது சின்னக் காசில்லை.

ஏன் அந்தக் காலத்தில் இப்படி ஒன்று எடுபட்டது எண்டதற்குப் பாடப்புத்தகம் சொல்கிற விடை ஒன்று இருக்கிறது. 1870இல் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது, ஊருக்கு ஊர் அரச பாடசாலை வந்தது, 1880இல் பத்து வயது வரைக்கும் கட்டாயமானது, அதில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இப்படியான பத்திரிகைதான் செரித்தது. அழகான, ஒரே நேர்கோடான விடை. அதைச் சும்மா ஏற்க எனக்கு மனம் வரவில்லை. 1871இல் இங்கிலாந்தில் திருமணப் பதிவில் தன் பெயரைத் தானே எழுதின ஆண்கள் ஐந்தில் நான்கு பேர். பெண்கள் நூற்றுக்கு 73 அளவில். அதாவது அந்தச் சட்டத்தால் ஒரு பிள்ளையாவது படித்து முடிக்க முன்னமே சனத்தில் பெரும்பகுதிக்கு எழுத்துத் தெரியும். தெரியாமல் இருந்தது எழுத்தில்லை. இல்லாமல் இருந்தது காசும் நேரமும்.

காசு எப்படி இறங்கினது எண்டால், பத்திரிகை மேல் அரசாங்கம் போட்டிருந்த வரிகள் ஒவ்வொன்றாகப் போனதால். விளம்பர வரி 1853இல், முத்திரை வரி 1855இல், காகித வரி 1861இல். 'அறிவின் மீதான வரி' எண்டு அதற்குப் பெயரே வைத்துப் போராடினார்கள். ஏழைச்சனம் அரசியல் வாசிக்கக்கூடாது எண்டுதான் அந்த வரிகள் ஒரு காலத்தில் கடுமையாகக் கூட்டப்பட்டன எண்டதையும் மறக்கக்கூடாது. பிறகு மரக்கூழில் செய்த மலிவுக் காகிதம் வந்தது. நேரம் எங்கிருந்து வந்தது எண்டால், ரயிலில் இருந்து. புறநகரில் இருந்து நகரத்துக்கு வேலைக்குப் போகிற எழுதுவினைஞர், கடைச்சிப்பந்தி, தட்டச்சுப் பழகுகிற பெண். இருபது நிமிசப் பயணம், நிலையத்துக்கு நிலையம் தடங்கல். அந்த இருபது நிமிசத்தில் கனத்த மாதச் சஞ்சிகையின் நாற்பது பக்கக் கட்டுரையை வாசிக்க ஏலுமோ? ரிட்-பிட்ஸின் பந்திகள் அந்தப் பயணத்தின் அளவுக்கு வெட்டப்பட்டவை.

நியூன்ஸுக்கு இது நல்லாகத் தெரியும். அதனால்தான் 1885இல் அந்தப் பிரசித்தமான காப்புறுதித் திட்டம் வந்தது. ரயில் விபத்தில் ஒருவர் செத்தால், உடலோடு அந்த வார ரிட்-பிட்ஸ் இருந்தால், குடும்பத்துக்கு 100 பவுண். முதல்முறை வாசித்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. செத்தவனின் சட்டைப்பையில் பத்திரிகை தேடுகிற காட்சி. ஆனால் தொழிலாளிக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகையில்லை. ஒரு பென்னிக்கு ஒரு வாரக் காப்புறுதி. கேவலமா, உபகாரமா எண்டு நான் இன்னும் முடிவெடுக்கேல்லை.

இன்னொரு தரம் சிறுகதைப் போட்டி வைத்தார், 1883இல். பரிசு தென் லண்டனில் டல்விச் எண்ட இடத்தில் ஒரு முழு வீடு. வீட்டுக்குப் பெயர் 'ரிட்-பிட்ஸ் வில்லா'. தங்கக் காசை மண்ணில் புதைத்து, தொடர்கதைக்குள் துப்பு வைத்து, சனத்தை மண்வெட்டியோடு அலையவிட்டதும் உண்டு. இப்ப லைக் போட்டுப் பகிர்ந்தால் போன் பரிசு எண்டு வாறதுகளுக்கு முப்பாட்டன் ஆர் எண்டு தேடினால், இவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்கவேண்டும்.

இந்த இடத்தில்தான் சொல் தரம் இறங்குகிறது. 1891இல் ஜோர்ஜ் கிஸ்ஸிங் 'நியூ கிரப் ஸ்ட்ரீட்' நாவலை வெளியிட்டார். எழுதிப் பிழைக்கப்போய் வறுமையில் நொறுங்கிப்போகிற ஆட்களின் கதை. அதில் ஒரு பாத்திரம் ஒரு பத்திரிகைத் திட்டம் போடும். எந்தக் கட்டுரையும் இரண்டு அங்குலத்தைத் தாண்டக்கூடாது, அந்த அங்குலத்தையும் பந்தி பந்தியாக உடைக்கவேண்டும். யாருக்காக? 'கால்வாசி படித்தவர்களுக்காக'. பாடசாலைக்குப் போய் எழுத்து மட்டும் படித்து வந்த, பஸ்ஸிலும் ரயிலிலும் கையில் ஏதாவது வைத்திருக்க விரும்புகிற, ஆனால் எதிலும் ஊன்றி நிற்க முடியாத இளசுகள். ரிட்-பிட்ஸைத்தான் சொல்கிறார் எண்டது அன்றைய வாசகருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கிஸ்ஸிங் மேல் எனக்கு வெறுப்பில்லை. அவரும் புலமைப்பரிசிலில் படித்த பெடியன்தான். அதே மான்செஸ்டரில் கல்லூரியில் படிக்கிறபோது, தான் நேசித்த ஒரு பெண்ணுக்கு உதவக் காசு திருடிப் பிடிபட்டு, 1876இல் வெளியே தள்ளப்பட்டவர், சிறைக்கும் போனவர். அந்த நாவலின் உரிமையை 150 பவுணுக்கு விற்றார். பத்திக்கு ஒரு கினி கொடுத்துத் துணுக்கு வாங்குகிற பத்திரிகையைப் பார்த்து அப்படியான மனுசனுக்கு வயிறு எரியாதா? எரிச்சலின் நியாயம் விளங்குகிறது. ஆனால் எரிச்சல் பாய்ந்த திசைதான் சரியில்லை. பத்திரிகை முதலாளியைப் பார்த்து வந்த கோபம், ரயிலில் அதை வாசித்துக்கொண்டிருந்த கடைச்சிப்பந்தியின் தலையில் போய் இறங்கினது. கால்வாசி, அரைவாசி எண்டு படிப்பை அளக்கிற கோல் எப்பவும் முழுசாகப் படித்தவரின் கையில்தான் இருக்கும்.

எனக்கு இங்கே அம்மம்மாதான் ஞாபகத்துக்கு வந்தா.

அம்மம்மா மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவா. கீழே ஐந்து சகோதரம். கடையில் சீனி, கடலை, மல்லி எண்டு சுத்தி வாற சரையை அவ எறிஞ்சதே இல்லை. சாமானைப் போத்தலில் கொட்டிப்போட்டு, கடதாசியை விரிச்சு, கையால் நீவி, விளக்கடியில் வைத்து வாசிப்பா. பழைய பத்திரிகைத் துண்டு, யாரோ பெடியன்ர பரீட்சைக் கொப்பி, சிலவேளை பாதியில் அறுந்த தொடர்கதை. தலையும் இருக்காது, வாலும் இருக்காது. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் புதுப்பத்திரிகை வாங்குகிறது கனவு, அப்ப இந்தச் சரைதான் அவவின் வாசிகசாலை. "கதையின்ர முடிவு தெரியாட்டில் என்ன, நானே முடிச்சுப்போட்டுப் படுப்பன்" எண்டு சொல்லுவா. ஜப்பானில் நிலநடுக்கம் கூட எண்டதையும், தேனீ ஆடிக்காட்டித்தான் மற்றத் தேனீக்கு வழி சொல்லும் எண்டதையும் எனக்கு முதலில் சொன்னது எந்த ஆசிரியரும் இல்லை, அவதான். எல்லாம் சரையில் வாசித்தது.

கால்வாசி படித்தவ எண்டு அவவை யாராவது சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? அதுதான் அந்த விரிவுரையில் எனக்குப் பல்லிடுக்கில் மாட்டினது எண்டு இப்ப நினைக்கிறேன்.

ஆனால் இதோடு நிறுத்தினால் நானும் பாதிச் சரையை நீட்டின மாதிரிப் போகும். ரிட்-பிட்ஸுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டதையும் சொல்லவேண்டும்.

அல்பிரட் ஹாம்ஸ்வேர்த் எண்டொரு இளைஞன் ரிட்-பிட்ஸுக்குத் துணுக்கு எழுதிக்கொண்டிருந்தவன். இதில் இருக்கிற காசைக் கண்டுபிடித்தான். 1888இல் அதே அச்சில் 'ஆன்சர்ஸ்' எண்ட போட்டிப் பத்திரிகை. அடுத்த வருசம் ஒரு போட்டி: குறிப்பிட்ட நாளில் இங்கிலாந்து வங்கியில் எவ்வளவு தங்கம் இருக்கும் எண்டு ஊகித்தால் ஆயுள் முழுக்க வாரத்துக்கு ஒரு பவுண். ஒவ்வொரு விடையோடும் ஐந்து பேர் சாட்சிக் கையொப்பம் வைக்கவேண்டும். ஏழு இலட்சத்துக்கும் மேல் விடைகள் வந்தன. அந்த ஐந்து பேரையும் பெருக்கிப் பாருங்கோ, செலவே இல்லாத விளம்பரம். ஆர்தர் பியர்சன் எண்ட இன்னொருவர் ரிட்-பிட்ஸ் நடத்தின பொது அறிவுப் போட்டியில் வென்றவர். பரிசு அந்தப் பத்திரிகையிலேயே ஒரு வேலை. விடை தேட அவர் பெட்ஃபோர்ட் நூலகத்துக்குச் சைக்கிள் மிதித்துத் திரிந்தவர். கொஞ்ச வருசத்தில் வெளியேறி 1890இல் தன்ர பெயரிலேயே ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார்.

பிறகு ஹாம்ஸ்வேர்த் 1896இல் 'டெய்லி மெயில்', பியர்சன் 1900இல் 'டெய்லி எக்ஸ்பிரஸ்'. துணுக்கு எழுதப் பழகின கைகள் இப்ப நாட்டின் தினச்செய்தியை எழுதத் தொடங்கின. அரைப் பென்னிப் பத்திரிகை, குட்டிப் பந்தி, பெரிய தலைப்பு. எழுதுவினைஞர் வேலைக்கு இருக்கிற பெடியங்கள் தங்களைப் போன்ற பெடியங்களுக்காகச் செய்கிற பத்திரிகை எண்டு பிரதமர் சோல்ஸ்பரி பிரபு அதை இளக்காரம் செய்ததாகச் சொல்லுவார்கள். திரும்பவும் பாருங்கோ, அதே அளவுகோல். ஆனால் தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் நடந்தபோது அந்தப் பத்திரிகை பேரரசுப் பெருமையை ஊதி ஊதிப் பத்து இலட்சம் விற்பனையை நெருங்கினது. யுத்தம் எப்படித் தொடங்கினது, யாருடைய நிலம், யாருடைய தங்கம் எண்டதெல்லாம் இரண்டு அங்குலத்துக்குள் அடங்குகிற விஷயமில்லை. வெற்றிச் செய்தி அடங்கும். இரண்டு அங்குலம் எண்டது வெறும் நீளம் மட்டுமில்லை, எது செய்தியாக வரலாம், எது வரமுடியாது எண்டு வடிகட்டுகிற அரிதட்டும் அதுதான். இதை மறுக்க எனக்கு வழி தெரியேல்லை. எங்கட நாட்டில் ஒரு யுத்தத்தின் கடைசி மாதங்கள் உலகத்துக்கு எத்தனை வரிக்குள் போய்ச்சேர்ந்தன எண்டு தெரிந்த பிள்ளைகள் நாங்கள்.

இதற்கும் ஒரு மறுபக்கம் இருக்கிறது. ரிட்-பிட்ஸ் சம்பாதித்த காசில்தான் நியூன்ஸ் 1891இல் 'ஸ்ட்ராண்ட்' சஞ்சிகையைத் தொடங்கினார். அந்த வருசம் யூலையில் இருந்து ஷேர்லொக் ஹோம்ஸ் சிறுகதைகள் அதில் வரத் தொடங்கின. தொடர்கதை எண்டால் ஒரு இதழ் தவறினால் போச்சு. ஆனால் ஒரு பாத்திரம், ஒவ்வொரு இதழிலும் முடிகிற ஒரு கதை எண்டால் யாரும் எப்பவும் உள்ளே வரலாம். ரயில் வாசகனை நினைத்து கொனன் டொயில் செய்த கணக்கு அது. ரிட்-பிட்ஸின் வாசகர்தான் ஹோம்ஸின் வாசகரும். கால்வாசி படித்தவர் எண்டு சொல்லப்பட்டவர் அதில் ஊன்றி நின்றார்.

எழுத வந்தவர்களும் அந்த வாசலை மிதித்தார்கள். வேர்ஜினியா வூல்ஃப் சிறுமியாக இருந்தபோது அனுப்பின ஒன்று திரும்பி வந்தது. 1900இல் வேலைக்குப் போய்க்கொண்டு எழுதின வோட்ஹவுஸ், சொந்தக் கலியாணத்துக்கே வராமல் போன ஆண்களைப் பற்றி ஒரு பகிடிக் கட்டுரை எழுதிப் பிரசுரம் கண்டார். எனக்கு மிகப் பிடித்தது ஜேம்ஸ் ஜொய்ஸ் செய்தது. 'யுலிஸிஸ்' எண்டால் யாராலும் வாசித்து முடிக்க ஏலாத புத்தகம் எண்டுதானே பெயர். அதன் நாயகன் புளூம், 1904 யூன் 16 காலை, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கக்கூசில் குந்தியிருந்து வாசிப்பது ரிட்-பிட்ஸின் பரிசுக்கதையை. பத்திக்கு ஒரு கினிப்படி எழுதினவருக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் எண்டு மனக்கணக்குப் போடுகிறான், தானும் ஒன்று எழுதிப்பார்க்கலாமோ எண்டு யோசிக்கிறான். பிறகு அந்தக் கதையில் பாதியைக் கிழித்துத் துடைத்துவிட்டு வெளியே வருகிறான். இருபதாம் நூற்றாண்டின் மிகக் கடினமான நாவலுக்குள் ஒரு பென்னித் துணுக்குப் பத்திரிகை இப்படித்தான் நிரந்தர இடம் பிடித்தது.

நியூன்ஸ் 1910இல் இறந்தார். அதற்குள் பாராளுமன்ற உறுப்பினர், பரோனெட் பட்டம், டெவனில் தண்ணீரின் பாரத்தால் மலை ஏறுகிற ஒரு ரயில், அந்தாட்டிக்காவுக்கு ஒரு ஆய்வுப்பயணத்துக்குக் காசு எண்டு எல்லாம் பார்த்துவிட்டார். ரிட்-பிட்ஸ் அவருக்குப் பிறகும் எழுபது வருசத்துக்கு மேல் ஓடினது. கடைசிக் காலத்தில் அட்டையில் நீச்சலுடைப் பெண்களைப் போட்டுக்கூடப் பார்த்தார்கள். 1984 யூலையில் 'வீக்கெண்ட்' எண்ட இன்னொரு பத்திரிகைக்குள் கரைந்துபோனது. அந்த வீக்கெண்டும் 1989இல் நிண்டுவிட்டது.

அந்த விரிவுரையாளரிடம் இதையெல்லாம் சொன்னேனா எண்டால், சொன்னேன். முழுக்க இல்லை. தேத்தண்ணிக் கடையில் ஒரு நாள் பக்கத்தில் வந்து நிண்டார். "சேர், ரிட்பிட் எண்டால் கடைசியாகச் சாப்பிட எடுத்து வைக்கிறது எண்டுதானாம் முதலில் பொருள்" எண்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அதுக்கு முன்னால சோறு முழுக்கச் சாப்பிட்டிருக்க வேணுமே தம்பி" எண்டார்.

பதில் வரேல்லை எனக்கு. அவர் போனபிறகு கையில் இருந்த ரோல்ஸைச் சுத்தித் தந்த கடதாசியை விரிச்சுப் பார்த்தேன். யாரோ ஒரு பிள்ளையின் விஞ்ஞானக் கொப்பி. ஒளித்தொகுப்பு எண்டு தலைப்புப் போட்டு, மூன்று வரியில் அறுந்திருந்தது.